டாங்கிள் கேட்கும் பழைய பில்லிங்குக்கு எந்த விர்ச்சுவல் மெஷின்?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பழைய பில்லிங் மென்பொருள் விண்டோஸ் 7-இல்தான் ஓடும். சாவி போன்ற யூஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும். புது கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் அமைக்க ஹைப்பர்-வி, விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் மூன்றில் எந்த மென்பொருளைப் போடலாம்? வீட்டில் மகள் லினக்ஸ் பழக வேண்டும் என்கிறாள். அங்கே விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம்.

பதில்: ஆபீஸ் விஷயத்தை அந்த டாங்கிளே முடிவு செய்துவிடுகிறது. ஹைப்பர்-வி விண்டோஸ் ப்ரோவோடு சேர்ந்தே வருகிறது, நன்றாகவும் ஓடும். ஆனால் கம்ப்யூட்டரில் செருகிய டாங்கிளை உள்ளே ஓடும் விண்டோஸிடம் நேரடியாக ஒப்படைக்க அதில் வசதி இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

என் தேர்வு விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ. 2024 மே மாதம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசமாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆபீஸுக்கும் இலவசமானது. விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் தளத்தில் பதிவு செய்துதான் டவுன்லோட் செய்ய முடியும், அது கொஞ்சம் எரிச்சல்தான். டாங்கிள் அதில் மக்கர் செய்தால் விர்ச்சுவல்பாக்ஸில் பாருங்கள். அதன் அடிப்படைத் தொகுப்பு ஆபீஸுக்கும் இலவசம். அதோடு தனியாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல, நிறுவனங்கள் அதற்குக் காசு கட்ட வேண்டும். யூஎஸ்பிக்கு அது கட்டாயம் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள், 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படைத் தொகுப்பிலேயே உண்டு.

எதைப் போட்டாலும் முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போடும் விண்டோஸ் 7-க்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பழைய கம்ப்யூட்டரோடு வந்தது பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுவிட்டது. அதனால் விர்ச்சுவல் மெஷினின் செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். ஃபைல் மாற்ற, இரண்டு விண்டோஸுக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டர் போதும். 2 ஜிபி ராம் கொடுத்தாலே பில்லிங் ஓடும்.

மகளுக்கு? கட்டளைகள், புரோகிராமிங் பழகத்தான் என்றால் விர்ச்சுவல் மெஷினே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி விண்டோஸ் ஹோமிலும் உண்டு, ஒரே கட்டளையில் உபுண்டு என்ற லினக்ஸ் இறங்கிவிடும். டெஸ்க்டாப்போடு முழு லினக்ஸை நிறுவிப் பார்க்க ஆசைப்பட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு 3 ஜிபி ராம் கொடுங்கள். டபிள்யூஎஸ்எல், விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்தால் விர்ச்சுவல்பாக்ஸ் மந்தமாகலாம். அப்படி ஆகும்போது அதன் ஜன்னலுக்கு அடியில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரியும். விளையாட்டில்லை, உண்மையாகவே ஆமைதான்.

அப்புறம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கட்டும். பில் போடும்போது கரண்ட் போனால் விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்புண்டு. விர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. வாரம் ஒருமுறை விர்ச்சுவல் மெஷினை ஷட்டவுன் செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். மாம்பழ சீசன் முழுவதும் புதியதில் ஓட்டிப் பார்த்த பிறகு பழைய கம்ப்யூட்டரைக் கழியுங்கள்.