லினக்ஸ் லேப்டாப்ல சவுண்ட் காணோமா? விண்டோஸ் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

தேனியில இருந்து ஒரு டியூஷன் டீச்சர் கேட்டிருக்காங்க. அஞ்சாவது ஜெனரேஷன் ஐ3 லேப்டாப், அதுல லினக்ஸ் மின்ட் 22. ஞாயித்துக்கிழமை எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோட கனெக்ட் பண்ணி படம் பாத்திருக்காங்க, மறுநாள் காலையில லேப்டாப் ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல, வால்யூம் ஃபுல்லா இருக்கு, பாட்டு ஓடுது, ஆனா ஒண்ணும் கேக்கல. நெட்ல தேடி ஏதோ பழைய குறிப்ப பாத்து டெர்மினல்ல ரெண்டு மூணு கமாண்ட் போட்டிருக்காங்க, அதுக்கப்புறம் செட்டிங்ஸ்ல "டம்மி அவுட்புட்"னு மட்டும் காட்டுதாம். கடைக்காரர் லினக்ஸ எடுத்துட்டு விண்டோஸ் போட்டாதான் சரியாகும்னு சொல்லிட்டாராம். "என்ன பண்ணட்டும், வியாழக்கிழமை ஆன்லைன் க்ளாஸ் இருக்கு"னு கேக்கறாங்க.

டீச்சர், எதையும் அழிக்காதீங்க. உங்க ஸ்பீக்கர் பெரும்பாலும் நல்லாதான் இருக்கு. உங்களுக்கு வந்தது ரெண்டு தனித்தனி பிரச்சனை. முதல்ல சத்தம் டிவி பக்கம் போயிடுச்சு, அது சின்ன விஷயம். அப்புறம் அந்தக் கமாண்டுங்க வேற ஒரு இடத்தக் கலைச்சு விட்டுடுச்சு. பின்னாடி வந்தத முதல்ல சரி பண்ணணும்.

சவுண்ட் எப்படி வெளிய வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அடியில ஹார்டுவேர், சவுண்ட் சிப்பும் ஸ்பீக்கரும். அதுக்கு மேல கர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதியில, இருக்கிற டிரைவர், அதுக்கு பேரு அல்சா, 2003 டிசம்பர்ல வந்த 2.6 கர்னல்ல இருந்து இதுதான். அதுக்கு மேல சவுண்ட் சர்வர், அதாவது பிரவுசர், வீடியோ பிளேயர்னு எல்லாத்தோட சத்தத்தையும் ஒண்ணா கலந்து இது ஸ்பீக்கருக்கு, இது டிவிக்குன்னு பிரிச்சு அனுப்புற ஆள். கடைசியா நீங்க பாக்கற ஆப். நாலுல எந்த மாடியில அடைச்சிருக்குன்னு தெரியாம கமாண்ட் போட்டா, நல்லா இருக்கிற மாடியும் கெட்டுப் போகும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

அந்தப் பழைய குறிப்பு ஏன் ஒத்து வரலன்னும் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுல மாட்டிக்கறாங்க. 2008ல உபுண்டுங்கற லினக்ஸோட 8.04ல பல்ஸ்ஆடியோங்கற சர்வர் வந்துச்சு, அதுக்கப்புறம் பத்து பன்னெண்டு வருஷம் அதுதான் எல்லா இடத்துலயும். அந்தக் காலத்துல சத்தம் போச்சுன்னா "பல்ஸ்ஆடியோவ எடுத்துட்டு திரும்பப் போடு"ன்னு ஆயிரம் பேர் எழுதி வெச்சிருக்காங்க, அப்போ அது சரியான வைத்தியம்தான். இப்போ அந்த இடத்துல பைப்வயர் வந்துடுச்சு, விம் டைமன்ஸ் எழுத ஆரம்பிச்சது, 2021ல ஃபெடோராங்கற இன்னொரு லினக்ஸோட 34ல டீஃபால்ட் ஆச்சு, மின்ட்ல 2024 ஜூலையில வந்த 22ல இருந்து இதுதான். பைப்வயர் இருக்கிற சிஸ்டத்துல பல்ஸ்ஆடியோவ திரும்பப் போட்டா பைப்வயரோட சில பகுதி கழண்டுடும், இல்லன்னா ரெண்டு சர்வரும் ஒரே சவுண்ட் கார்டுக்கு அடிச்சுக்கும். அனுப்பறதுக்கு கார்டே கையில கிடைக்கலன்னா சர்வர் ஒரு பொய் அவுட்புட்ட வெச்சுக்கும், அதுதான் நீங்க பாத்த டம்மி அவுட்புட். ஸ்பீக்கர் செத்துப் போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

இப்போ டெர்மினல்ல ஒரே ஒரு கமாண்ட், ஏபிளே. ஏ, பி, எல், ஏ, ஒய் அஞ்சையும் சேத்து சின்ன எழுத்துல அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, மைனஸ், அதோட ஒட்டி சின்ன எல். இது எதையும் மாத்தாது, பாத்து மட்டும் சொல்லும். கார்டு 0, கார்டு 1னு ரெண்டு வந்தா டிரைவர் வேலை செய்யுது, தப்பு பெரும்பாலும் மேல இருக்கிற சர்வர்லதான்னு சொல்லலாம். உங்க லேப்டாப்ல கார்டு 0னு வர்றது எச்டிஎம்ஐயா இருக்கும், கார்டு 1ல பிசிஎச்னு வர்றதுதான் ஸ்பீக்கரும் ஹெட்போனும். இன்டெல்லோட நாலாவது அஞ்சாவது ஜெனரேஷன் லேப்டாப்கள்ல இது வழக்கம், டிவிக்கு போற சவுண்ட் தனி கார்டு, அதுவும் முதல் கார்டு, அதனாலதான் இந்த மாடல்ல சத்தம் டிவி பக்கம் ஓடறது சகஜமா நடக்குது.

ரெண்டு கார்டும் வந்துச்சுன்னா சுலபமான வழி டைம்ஷிஃப்ட், அதாவது சிஸ்டத்த அப்பப்போ காப்பி (ஸ்னாப்ஷாட்) எடுத்து வெச்சு, வேணும்போது திரும்பக் கொண்டு வர்ற ஆப். மின்ட்லயே இருக்கு, நீங்க இதுக்கு முன்னாடி அத ஆன் பண்ணி வெச்சிருந்தா, கமாண்ட் போட்டதுக்கு முந்தின நாள் ஸ்னாப்ஷாட்ட செலக்ட் பண்ணி ரீஸ்டோர் குடுங்க. ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற உங்க ஃபோட்டோ, நோட்ஸ் எதையும் டீஃபால்ட்டா அது தொடாது, சிஸ்டம் ஃபைல மட்டும் பழையபடி ஆக்கும். ஸ்னாப்ஷாட் இல்லன்னா, சாஃப்ட்வேர் போடவும் எடுக்கவும் உதவுற சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜர திறந்து பைப்வயர் ஆடியோன்னு தேடுங்க, நடுவுல மைனஸ் போட்ட பேரு, அத இன்ஸ்டாலுக்கு டிக் பண்ணா பல்ஸ்ஆடியோவ நீக்கப் போறேன்னு கேக்கும், சரின்னு சொல்லுங்க, முடிஞ்சதும் ரீஸ்டார்ட். கழண்ட பகுதிங்கள அது தானா மாட்டி விட்டுடும்.

இதோட டம்மி போயிடும். சத்தம் இன்னமும் வரலன்னா அது ஞாயித்துக்கிழமை பிரச்சனை. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்னு ஒரு ஆப் இருக்கு, பேர பாத்து பயப்படாதீங்க, பைப்வயர்லயும் அதே ஆப்தான், இது வெறும் ரிமோட் மாதிரி, சர்வர் இல்ல. அதுல கான்ஃபிகரேஷன் டேப்ல போய் பிசிஎச் கார்டோட ப்ரொஃபைல் ஆஃப்னு இருந்தா அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்னு மாத்துங்க. அவுட்புட் டிவைசஸ் டேப்ல ஸ்பீக்கருக்கு நேரா பச்ச டிக்க அழுத்துங்க. பாட்ட ஓட விட்டுட்டே பிளேபேக் டேப்ப பாத்தா ஒரு கோடு துள்ளிட்டு இருக்கும், அந்தக் கோடு துள்ளுதுன்னா ஆப்ல இருந்து சத்தம் கிளம்பிடுச்சு, எந்த வாசல் வழியா வெளிய போகுதுங்கறதுதான் மிச்சம். அதே வரியில எச்டிஎம்ஐன்னு எழுதியிருந்தா அத க்ளிக் பண்ணி ஸ்பீக்கருக்கு மாத்துங்க.

அப்பவும் ஊமைன்னா அல்சாமிக்சர். டெர்மினல்ல ஒரே வார்த்தையா அடிங்க. முதல்ல ஒரே ஒரு தூண் மட்டும் தெரியும், அது நிஜ கார்டு இல்ல, எஃப்6 அழுத்தி பிசிஎச் கார்ட தேர்ந்தெடுங்க, அப்பதான் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர்னு வரிசையா தூணுங்க வரும். தூண் உச்சி வரைக்கும் நிறைஞ்சிருக்கும், ஆனா அடியில இருக்கிற சின்னப் பெட்டிய பாருங்க, ரெண்டு எம் எழுத்து இருந்தா அது மியூட். எங்க அம்மா லேப்டாப்ல இப்படித்தான், மாஸ்டர் நூறுல நிக்குது, செட்டிங்ஸ்ல எல்லாம் சரி, ஒரு மணி நேரம் தேடினேன், கடைசியில ஸ்பீக்கர் தூணுக்கு அடியில மட்டும் ரெண்டு எம். அம்புக்குறி கீய வெச்சு அந்தத் தூணுக்கு நகந்து எம்ம ஒரு தட்டு தட்டினேன், எம் போயி பச்சையா ரெண்டு சைபர் வந்துச்சு, அந்த நொடியே பாட்டு கேட்டுச்சு. ஆட்டோ மியூட் மோட்னு ஒண்ணும் கடைசிப் பக்கம் இருக்கும். ஹெட்போன்ல கேக்குது ஸ்பீக்கர்ல மட்டும் இல்லன்னா அத டிசேபிள் பண்ணிப் பாருங்க, ஜாக்குல தூசி அடைச்சு ஹெட்போன் மாட்டியே இருக்குன்னு சிஸ்டம் நினைச்சுக்கிட்டா இப்படி ஆகும்.

சரியாயி மறுபடி ஒவ்வொரு தடவையும் எச்டிஎம்ஐக்கே ஓடுதுன்னா, கடைசியா எது எங்கன்னு வயர்ப்ளம்பர் ஞாபகம் வெச்சிருக்கு, இது பைப்வயரோட கூடவே ஓடி எந்தச் சத்தம் எங்க போகணும்னு முடிவு பண்ற ஆள். ஃபைல் மேனேஜர்ல ஹோம் ஃபோல்டர்ல கண்ட்ரோல் எச் அழுத்தி மறைஞ்சிருக்கிற ஃபோல்டருங்கள காட்ட வெச்சு, லோக்கல், ஸ்டேட் உள்ள போயி வயர்ப்ளம்பர் ஃபோல்டரோட பேர மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, புதுசா எழுதிக்கும்.

ஏபிளே போட்டு சவுண்ட் கார்டே இல்லன்னு வர்றவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. அது டிரைவர் மாடி. நேத்து அப்டேட் போட்டு இன்னைக்கு போச்சுன்னா, ஆன் ஆகும்போது வர்ற க்ரப் மெனுவுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் பழைய கர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க. புது இன்டெல் லேப்டாப் பலதுல மைக்கும் ஸ்பீக்கரும் இன்டெல் சிப்புக்குள்ளயே சவுண்டுக்குன்னு இருக்கிற தனிப் பகுதி வழியா போறதால, அந்தப் பகுதிய ஓட வைக்கிற சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தேவைப்படும், டெபியன்ங்கற லினக்ஸோட 12ல இருந்து இன்ஸ்டாலரே ஃபர்ம்வேர சேத்துக் குடுக்குது, அதுக்கு முந்தின டெபியன்னா நாமதான் போடணும்.

கடைக்காரருக்கு பதில் சொல்ல ஒரு டெஸ்ட் இருக்கு டீச்சர். மின்ட் இன்ஸ்டால் பண்ண பென்டிரைவ மாட்டி, இன்ஸ்டால் குடுக்காம அதுலயே ஓட விட்டு ஒரு பாட்ட போடுங்க. அதுல சத்தம் வந்தா ஹார்டுவேர் நல்லா இருக்கு, உங்க செட்டிங்ஸ்லதான் தப்பு, விண்டோஸ் தேவையே இல்ல. அதுலயும் வரலன்னா லேப்டாப்ப ஆஃப் பண்ணி, சார்ஜர கழட்டி, பவர் பட்டன முப்பது செகண்ட் அழுத்திப் பிடிச்சுட்டு திரும்ப ஆன் பண்ணுங்க. அதுக்கும் அசையலன்னாதான் ஸ்பீக்கர் ஒயர், சிப்னு பிரிச்சுப் பாக்கணும், அப்போ விண்டோஸ் போட்டாலும் பெரும்பாலும் சத்தம் வரப் போறதில்ல.

வியாழக்கிழமைக்குள்ள முடியலன்னா ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கோங்க, விரல் அளவுதான் இருக்கும், சில நூறு ரூபா. டிரைவர் எதுவும் வேணாம், மாட்டினதும் தனி கார்டா வந்து நிக்கும், அவுட்புட்லயும் இன்புட்லயும் அத செலக்ட் பண்ணிட்டு ஹெட்செட்ட அதுல சொருகி க்ளாஸ் எடுங்க. ஆனா அதுக்கும் சர்வர் சரியா ஓடணும், அதனால பைப்வயர் வேலைய மட்டும் இன்னைக்கு ராத்திரியே முடிச்சிடுங்க.