டெப்ரிகேட் என்றால் கண்டிப்பதா?

அன்புள்ள அக்கா,
டர்பனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பழைய நிரல் ஒன்றை ‘டெப்ரிகேட்டட்’ என்று குறித்திருந்தார்கள். மேலாளரோ தாமதமாக வரும் வழக்கத்தை ‘டெப்ரிகேட்’ செய்வதாக எழுதினார். இரண்டும் ஒரே சொல்லா? ‘கண்டிக்கிறேன்’ எனலாமா? டிப்ரீஷியேட்டும் இதுவும் ஒன்றா? எங்கள் வீட்டில் தமிழும் டெப்ரிகேட்டட்தான், ஆயாவோடு முடிந்துவிடும்.
வாசகர், பீனிக்ஸ், டர்பன்

தம்பி,
ஒரே சொல்தான். டிப்ரீஷியேட் என்பது மதிப்புக் குறைவது, அதை விடு. ‘கண்டிக்கிறேன்’ கொஞ்சம் அதிகம். கண்டிப்பது ஆளை எதிரே நிறுத்தி. இது பெரும்பாலும் ஒரு வழக்கத்தைப் பார்த்து ‘இது வேண்டாமே’ என்பது.

ஆனால் அதன் லத்தீன் மூலத்துக்கு, வேண்டிக்கொண்டு விலக்குவது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஓர் ஆபத்தை டெப்ரிகேட் செய்தார்கள் என்றால், அது வராமலிருக்கப் பிரார்த்தித்தார்கள். அகராதியில் இதைப் பார்த்த நாளிலிருந்து என் ஆயா நினைவாகவே இருக்கிறது. டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலில் சிரிங்கா இலையைச் செருகிவிட்டு (இங்கே பல வீடுகளில் அதுதான் வேப்பிலை), “தாயே, விளையாடினது போதும், குளிர்ந்து போ” என்று மாரியம்மனிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். இப்போது ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறோமே, அந்தக் கூழ் ஊற்றும் நாளிலும் அதே கெஞ்சல்தான். திட்டவே இல்லை, கும்பிட்டே அனுப்பி வைத்தாள். டெப்ரிகேட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, உன் கடைசி வரிக்கு வருகிறேன். படித்ததும் கோபம் வந்தது. நிரல் எழுதுகிற உனக்கே தெரியாதா? டெப்ரிகேட்டட் என்றால் நீக்கியாயிற்று என்று அர்த்தமில்லை. அது இன்னும் ஓடுகிறது, புதிதாக யாரும் எடுக்காதீர்கள், பின்னால் தூக்கிவிடுவோம் என்கிற எச்சரிக்கை அது. அந்தக் குறியைப் போடுவது அதைப் பராமரிக்கிறவர்கள். உன் வீட்டில் தமிழுக்கு யார் போட்டது? நீதானே! நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கவில்லை, ஆனாலும் 6ஆம் பிரிவில் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது. சட்டத்தில் இருக்கிற பேரை வீட்டில் நீ அடிக்கிறாய்.

ஆயா இருக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த ஞாயிறே போ. அம்மனிடம் என்ன சொல்லி வேண்டுவாள் என்று கேட்டு ஃபோனில் பதிவு செய்துகொள். என் ஆயா அந்த ஒரு வரிக்குப் பிறகும் வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள், எனக்கு அதற்குமேல் ஒரு சொல்கூட நினைவில்லை.