வாசகர் கேள்வி – பதில்: சண்டையை அடக்குவதா, தீர்ப்பதா?

அமைதிக்கான கல்வி பற்றியும் வன்முறையற்ற உரையாடல் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ‘அமைதிப் பண்பாடு’ என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். போரும் கலவரமும் இல்லாத நிலைக்குச் சூட்டிய அழகான பெயர்தானா அது? (ஒரு பயிற்சி ஆசிரியர்)

பதில்: இல்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999 செப்டம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட ‘அமைதிப் பண்பாடு குறித்த பிரகடனமும் செயல்திட்டமும்’ இந்த ஐயத்துக்குத் தன் முகவுரையிலேயே விடை சொல்லிவிடுகிறது. அமைதி என்பது மோதல் இல்லாத நிலை மட்டுமன்று என்றும், பேச்சுக்கு இடமளித்து, ஒருவரையொருவர் புரிந்துகொண்டு, எல்லோரும் பங்கேற்று மோதல்களைத் தீர்த்துக்கொள்ளும் நடைமுறையும் அதற்குத் தேவை என்றும் அது கூறுகிறது. மனிதர்கள் கூடி வாழும் இடத்தில் கருத்து வேறுபாடும் உரசலும் இருக்கத்தான் செய்யும் என்பதை அந்த ஆவணம் ஒப்புக்கொள்கிறது. அவற்றை எப்படிக் கையாளுகிறோம் என்பதே அதன் அக்கறை. செயல்திட்டம் எட்டுத் துறைகளைப் பட்டியலிடுகிறது. மனித உரிமை, பெண்–ஆண் சமத்துவம், மக்களாட்சியில் பங்கேற்பு போன்றவற்றுக்கெல்லாம் முன்னதாக, முதல் இடத்தில் நிற்பது கல்வி. எந்தத் தகராறையும் அமைதியாகத் தீர்த்துக்கொள்ளத் தேவையான மனப்பான்மையையும் நடத்தையையும் குழந்தைகள் சிறு வயதிலேயே கற்க வேண்டும் என்று அந்தப் பகுதி கேட்கிறது. ஆகவே கூச்சல் இல்லாத வகுப்பறையைப் பார்த்தவுடன் அங்கே அமைதி நிலவுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பயத்தால் வாய் மூடியிருக்கும் நாற்பது பிள்ளைகள் இந்தப் பண்பாட்டின் ஒரு வரியைக்கூடக் கற்றுக்கொள்வதில்லை.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. ஜன்னலோர இடத்துக்காக இரண்டு மாணவர்கள் தினமும் மோதிக்கொள்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவன் மற்றவனைக் கை காட்டுகிறான். இருவரையும் வெளியே நிற்க வைக்கிறேன். மறுநாள் மீண்டும் அதே கதை. வன்முறையற்ற உரையாடல் இதற்கு உதவுமா?

பதில்: உதவும், அம்மா. ஆனால் முதலில் ‘யார் ஆரம்பித்தது?’ என்ற கேள்வியைக் கைவிட வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி காதில் விழுந்த கணமே வகுப்பறை நீதிமன்றமாகிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளும் தங்கள் தரப்புக்கு வழக்காடத் தொடங்குகிறார்கள். நடந்ததைப் பற்றி யோசிக்க இருவருக்குமே வாய்ப்பில்லாமல் போகிறது. நீங்கள் தரும் தண்டனை அன்றைய சண்டையை நிறுத்துகிறது, ஜன்னலோர இடம் யாருக்கு என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. அதனால்தான் மறுநாளும் அது திரும்பி வருகிறது.

வன்முறையற்ற உரையாடல் என்ற முறையை வகுத்தவர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் சிறுவனாக வளர்ந்த டெட்ராய்ட் நகரில் 1943-இல் பெரும் இனக் கலவரம் மூண்டது. மனிதர்களை வன்முறைக்குத் தள்ளுவது எது, நெருக்கடியிலும் சிலரைப் பரிவோடு இருக்கச் செய்வது எது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவர் முன்வைத்த முறையில் நான்கு கூறுகள் உண்டு: கண்டதைக் கண்டபடி சொல்வது, மனத்தில் எழும் உணர்வைச் சொல்வது, அந்த உணர்வுக்கு அடியில் இருக்கும் தேவையைச் சொல்வது, செய்யக்கூடிய ஒன்றை வேண்டுகோளாக வைப்பது.

உங்கள் வகுப்புக்கே வருவோம். ‘நீங்கள் இரண்டு பேரும் எப்போது பார்த்தாலும் ரவுடித்தனம்தான் பண்ணுகிறீர்கள்’ என்று சொன்னால் அதில் கண்டது எதுவும் இல்லை, தீர்ப்புதான் இருக்கிறது. ‘நான் உள்ளே வரும்போது ஒரு பை தரையில் கிடந்தது. நீ அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தாய்’ என்பது கண்டது. இதை மாணவனால் மறுக்க முடியாது; மறுக்க வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. பிறகு ஒருவனைப் பேச விடுங்கள். அவன் முடித்ததும் மற்றவன் தன் பதிலைச் சொல்வதற்கு முன்பு, இவன் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நான் சீக்கிரமே வந்து பையை வைத்தேன், இவன் கீழே தள்ளிவிட்டான்’ என்று முதலாமவன் சொல்கிறான். இரண்டாமவன் உடனே ‘பொய்!’ என்பான். ‘அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் முதலில் சொல், அதன் பிறகு உன் முறை’ என்று பொறுமையாக நிறுத்துங்கள். பலமுறை நிறுத்த வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் உண்மையான பாடம் நடக்கிறது என்பது என் கருத்து. எதிராளி சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளும் விதத்தில் திருப்பிச் சொல்வது பெரியவர்களுக்கே கடினமான வேலை.

அடுத்து, தேவையைத் தேடுங்கள். ஜன்னலோர இடத்தை இருவரும் கேட்கிறார்கள், ஆனால் ஏன் கேட்கிறார்கள்? ஒருவனுக்கு அங்கிருந்தால்தான் கரும்பலகை ஒளி பட்டு மின்னாமல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவனுக்கு அந்த வரிசையில் இருக்கும் ஒரே நண்பனை விட்டுப் பிரிய மனமில்லை என்றும் வைத்துக்கொள்வோம். இடம் ஒன்றுதான், ஆனால் தேவைகள் இரண்டு. அவை ஒன்றோடொன்று மோதவும் இல்லை. இருக்கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த வரையில் ஒருவன் ஜெயித்தால் மற்றவன் தோற்றாக வேண்டியிருந்தது. தேவை வெளியே வந்த பிறகு, வரிசையை மாற்றி அமைப்பதற்கான யோசனையை அந்தப் பிள்ளைகளே சொல்லக்கூடும். கடைசியில் வைக்கும் வேண்டுகோள் குறிப்பாக இருக்கட்டும். ‘இனி ஒழுங்காக இருங்கள்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘பை வைத்திருக்கும் இடம் வேண்டுமென்றால் அதைத் தொடாமல் முதலில் கேட்பாயா?’ என்பது புரியும்.

முதல் தடவை இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம், பாடவேளையில் அது பெரிய இழப்புதான். ஆனாலும் தினமும் நடக்கும் சண்டைக்கு ஏற்கெனவே எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வன்முறையற்ற உரையாடல் பற்றிப் படித்துவிட்டு அதை என் மகனிடம் முயன்றேன். ‘நீ என்னை மதிக்கவில்லை என்று உணர்கிறேன், எனக்கு மரியாதை தேவைப்படுகிறது’ என்றேன். ‘எங்கேயோ படித்ததை ஒப்பிக்காதே அம்மா’ என்று எழுந்து போய்விட்டான். எங்கே தவறு? (பதின்பருவ மகனின் தாய்)

பதில்: உங்கள் முயற்சியில் தவறு இல்லை. ஆனால் ‘நீ என்னை மதிக்கவில்லை என்று உணர்கிறேன்’ என்பதில் உணர்வு எங்கே இருக்கிறது? அது அவன் மீதான குற்றச்சாட்டு. உணர்கிறேன் என்ற சொல் அதன் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வருத்தம், பயம், களைப்பு, தனிமை, இவைதாம் உணர்வுகள். ‘ராத்திரி பத்தரை வரை நீ வரவில்லை, போனையும் எடுக்கவில்லை, பயந்துபோய்விட்டேன்’ என்று நீங்கள் எப்போதும் பேசுகிற பேச்சிலேயே சொன்னால் அவன் காது கொடுத்திருப்பான். நான்கு கூறுகளும் நம் மனத்தில் ஒழுங்கு வருவதற்காக இருக்கின்றன. அந்த வரிசையிலேயே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ‘தாமதமானால் ஒரு செய்தி அனுப்புவாயா?’ என்று கேட்கும்போது, ‘என்னால் முடியாது’ என்று அவன் சொன்னால் என்ன செய்யப் போகிறீர்கள்? உடனே கோபமோ கண்ணீரோ வந்து அவனை வளைக்குமானால், நீங்கள் கேட்டது கட்டளை. இனிமையான குரலில் வந்த கட்டளை என்பதுதான் வித்தியாசம். ரோசன்பெர்க் வேண்டுகோளையும் கட்டளையையும் பிரித்துக் காட்டியது இந்த அடையாளத்தை வைத்துத்தான். மறுத்தால் அதற்காகத் தண்டிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளைகள் மனம் திறந்து சம்மதிக்கிறார்கள்.

கேள்வி: மனிதன் பிறவியிலேயே சண்டைக்காரன் அல்லவா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் பல துறை அறிவியலாளர்கள் கூடி வெளியிட்ட ‘வன்முறை குறித்த செவில் அறிக்கை’ இதைத்தான் ஆராய்ந்தது. போரோ வேறு எந்த வன்முறை நடத்தையோ நம் மரபணுக்களிலேயே விதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது அறிவியல்படி தவறு என அவர்கள் முடிவு கூறினார்கள். 1989-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ அந்த அறிக்கையைப் பரப்புவதென்று முடிவு செய்தது. கோபம் இயற்கைதான். கோபம் வந்தால் கையை ஓங்குவதா, வாயைத் திறந்து பேசுவதா என்பதை நாம் பார்த்துப் பழகுகிறோம்.

கேள்வி: வன்முறையற்ற உரையாடல் என்ற இந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. அடிப்பவனை விட்டுவிட்டு, அடி வாங்குகிறவனைப் பார்த்து ‘பக்குவமாகப் பேசு’ என்று சொல்வதாகவே இது எனக்குப் படுகிறது. அநீதி நடக்கும் இடத்தில் அமைதி பேசுவது யாருக்கு லாபம்? (ஒரு சமூகப் பணியாளர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே நான் நெடுநேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். உங்கள் கோபம் நியாயமானது. இந்த முறை அப்படித் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் உண்மை.

நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங், நேரடி வன்முறை இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், நீதியும் சமத்துவமும் நிலவும் நிலையை நேர்மறை அமைதி என்றும் பிரித்தார். 1969-இல் எழுதிய கட்டுரையில் ‘கட்டமைப்பு வன்முறை’ என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார். ஒருவரும் கை ஓங்காமலே, சமூகம் அமைக்கப்பட்டிருக்கும் விதமே சிலருக்கு உணவையும் மருத்துவத்தையும் கல்வியையும் மறுக்குமானால் அதுவும் வன்முறைதான் என்பது அவர் வாதம். இதை விட்டுவிட்டு இனிய சொற்களை மட்டும் கற்றுத்தரும் அமைதிக் கல்வி அரைகுறைக் கல்வி என்றே நானும் கருதுகிறேன்.

பள்ளியில் இதற்கு நேரடியான விளைவு உண்டு. இரு மாணவர்களுக்கு இடையிலான தகராறு வேறு. பலம் மிகுந்தவன் பலம் குறைந்தவனை வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் வதைப்பது வேறு. முன்னதில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்கலாம். பின்னதில் அப்படிச் செய்தால், வதைபட்ட பிள்ளை தன்னை வதைத்தவன் முன்னால் ‘நான் பயந்தேன்’ என்று சொல்ல நேரிடும். அந்தச் சொல்லே மறுநாள் அவனைக் கேலி செய்யும் ஆயுதமாகிவிடும். அங்கே சமரசப் பேச்சுக்கு இடமில்லை. முதலில் பாதுகாப்பு, பிறகு பொறுப்பேற்க வைத்தல் என்ற வரிசையை மாற்றவே கூடாது. ரோசன்பெர்க்கும் பாதுகாப்பதற்காகப் பலத்தைப் பயன்படுத்துவதையும், தண்டிப்பதற்காகப் பயன்படுத்துவதையும் வேறுபடுத்தியவர்தான். ஓங்கிய கம்பைப் பிடித்து நிறுத்துவது முதல் வகை. அதே கம்பால் திருப்பி அடிப்பது இரண்டாம் வகை.

வன்முறையற்ற உரையாடல் ‘வேண்டாம்’, ‘இதை நிறுத்து’, ‘இதற்கு நான் உடன்பட மாட்டேன்’ என்று உரக்கச் சொல்வதைத் தடுப்பதில்லை. எதிரே இருப்பவரை மனிதர் அல்லாதவராகச் சித்திரிப்பதை மட்டுமே அது கைவிடச் சொல்கிறது.

கேள்வி: பாடத்திட்டமே முடியாத நிலையில் வாரம் ஒரு வகுப்பை அமைதிக் கல்விக்கு ஒதுக்கச் சொல்கிறீர்களா? (ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: இல்லை, ஐயா. தனி வகுப்பு வைத்தால் வாரத்தின் மற்ற நேரங்களுக்கு இது பொருந்தாது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐக்கிய நாடுகள் வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற இலக்கு, அமைதியும் அகிம்சையும் நிறைந்த பண்பாட்டை வளர்க்கும் அறிவையும் திறனையும் எல்லா மாணவர்களும் 2030-க்குள் பெற வேண்டும் என்கிறது. கல்விக் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் கல்வி, மாணவர் மதிப்பீடு ஆகிய நான்கிலும் இது கலந்திருக்கிறதா என்று பார்த்தே அந்த இலக்கின் முன்னேற்றம் அளக்கப்படுகிறது. உங்கள் பள்ளியில் இதைத் தொடங்க நல்ல இடம் வரலாற்றுப் பாடம். போர் நடந்த ஆண்டையும் வென்றவர் பெயரையும் கேட்கும் தேர்வில், அந்தப் போரைத் தவிர்க்க எந்தக் கட்டத்தில் எப்படிப்பட்ட முயற்சி நடந்தது, அது ஏன் தோற்றது என்று ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள்.

சக மாணவர்களே மத்தியஸ்தம் செய்யும் குழுவைப் பல பள்ளிகள் அமைக்கின்றன. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் மட்டுமே அதைத் தொடங்குங்கள். அடிதடி, பாலியல் சீண்டல், தொடர்ந்த வதை ஆகியவை அந்தக் குழுவிடம் ஒருபோதும் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஆசிரியர்களின் பேச்சைக் கவனிப்பது. உடல் தண்டனையை வீட்டிலும் சேர்த்துச் சட்டப்படி தடை செய்த முதல் நாடு ஸ்வீடன், ஆண்டு 1979. பிரம்பு போன பிறகும், வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு பிள்ளையை ‘உருப்படாதவன்’ என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் போகவில்லை. வரும் பருவம் முழுவதும் மாணவர்களுக்கு எந்த அறிவிப்பும் செய்யாமல், ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் இதை எடுத்துப் பேசுங்கள். சென்ற வாரம் ஒரு மாணவரைப் பற்றித் தாம் சொன்ன ஒரு தீர்ப்பை ஒவ்வொருவரும் எழுதி, அதன் அருகிலேயே தாம் உண்மையில் கண்டது என்ன என்பதை இன்னொரு வரியில் எழுதட்டும். அந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை.