பின்னேரம் பிள்ளைக்கு வகுப்பா, விளையாட்டா? பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

முன்பள்ளி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிள்ளைகளின் பின்னேரப் பொழுது பற்றிப் பெற்றோர் கேட்டவற்றில் அடிக்கடி வந்தவற்றை எடுத்திருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

ரீச்சர், மகன் மூன்றாம் வகுப்பு. கிழமை நாளில ஒவ்வொரு நாளும் ரியூசன், சனி காலமை கராத்தே, பின்னேரம் மிருதங்கம், ஞாயிறு அறநெறி. கராத்தேயில நல்லா ஓடி ஆடுறான்தானே, அது விளையாட்டுக்குக் காணாதோ? (கொக்குவில், ஒரு தாய்)

உடம்புக்கு ஓரளவு காணும். மற்றதுக்குக் காணாது. கராத்தேயை நிறுத்தச் சொல்லமாட்டேன், அது நல்ல பயிற்சி. ஆனால் எப்போது தொடங்குவது, என்ன செய்வது, யாரோடு நிற்பது, எப்போது முடிப்பது என்று அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் மாஸ்டர். அந்த நாலையும் பிள்ளைகளே தீர்மானித்தால்தான் அது விளையாட்டு.

பிள்ளைகள் தாங்களாகக் கிளித்தட்டு மறிப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். முதலில் காலால் மண்ணில் கோடு இழுப்பார்கள். பெட்டி பெரிதா சிறிதா என்று அங்கேயே ஒரு வாக்குவாதம். பிறகு கன்னை பிரிக்கவேண்டும். நன்றாக ஓடுகிற இரண்டு பேரும் ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கம் விளையாடச் சம்மதிக்காது, ஆகவே ஆளை மாற்றுவார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் "பட்டது", "படேல்லை" என்று சண்டை வரும். நடுவர் இல்லை. ஒருவன் கோபித்துக்கொண்டு மதிலோடு போய் நிற்பான். அவன் இல்லாவிட்டால் ஆள் காணாது, ஆட்டம் குழம்பிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் யாரோ ஒரு பிள்ளை "சரி வாடா, திருப்பி விடுவம்" என்று சொல்லும். அதைச் சொல்வதற்கு அந்தப் பிள்ளை தன் கோபத்தை அடக்கவேண்டும், மற்றவனின் மனதைக் கணிக்கவேண்டும், தோற்றாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்கவேண்டும். அந்த இடத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தால் அவரே தீர்ப்புச் சொல்லியிருப்பார், பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே பிள்ளைகள் போளை அடிப்பதைப் பார்த்தும் அவர்களிடம் கேட்டும் ஆராய்ந்து 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, மாற்றக்கூடாதது. வளர வளர, விளையாடுகிறவர்கள் எல்லாரும் உடன்பட்டால் மாற்றலாம் என்று விளங்குகிறது. அந்த விளக்கம் பெரும்பாலும் ஒத்த வயதுப் பிள்ளைகளோடு பழகித்தான் வருகிறது என்பது அவர் முடிவு. 2014இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 70 பேரின் பொழுது எப்படிப் போகிறது என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிந்தார்கள். பெரியவர்கள் ஒழுங்குபண்ணாத நேரம் கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள், தாங்களாகத் திட்டமிட்டுச் செய்யவேண்டிய ஒரு சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் வகுப்பறைகளில் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. சொல்லச் சொல்லச் செய்கிற பிள்ளை, சொல்ல ஆள் இல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் மகனின் வாரத்தில் இரண்டு பின்னேரத்தை விடுவியுங்கள். எந்த வகுப்பைக் குறைப்பது என்று அவனிடமே கேளுங்கள்.

மகளை வெளிய போய் விளையாடு எண்டு விட்டால் பத்து நிமிசத்தில "போரடிக்குது" எண்டு வந்து போனைக் கேக்கிறாள். ஒழுங்கையில வேற பிள்ளையளும் இருக்கினம், ஆனா ஒருத்தரையும் வெளிய காணேல்லை. (மானிப்பாய், ஒரு தாய்)

வந்த கேள்விகளில் என் மனதை அதிகம் பிடித்தது இதுதான். பிள்ளையில் பிழை இல்லை. தனியே ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடும்? முந்தி வளவுகளுக்கு நடுவே கிடுகு வேலி இருந்தது, வேலியில் ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் பிள்ளைகள் போய்வந்தார்கள். இப்போது ஆளுயர மதிலும் பூட்டிய கேற்றும். அதைவிடப் பெரிய பிரச்சினை நேரம். உங்கள் மகளுக்கு நாலு மணிக்கு வகுப்பு, முன்வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தரைக்கு. எல்லாருக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை.

ஆகவே ஒரு வீடு மட்டும் ரியூசனைக் குறைத்துப் பயனில்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து கதையுங்கள். புதனும் சனியும் நாலேமுக்காலில் இருந்து ஆறேகால் வரை இந்த ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கும் வகுப்பு இல்லை என்று ஒரு உடன்பாட்டுக்கு வாருங்கள். இடம் யாருடைய வளவாகவும் இருக்கலாம், சனசமூக நிலையக் காணியாகவும் இருக்கலாம், கேட்டுக்கொண்டு கோயில் வெளி வீதியாகவும் இருக்கலாம். ஒரு பெரியவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தால் போதும். அம்மம்மாமார் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கவேண்டாம், சண்டை தீர்க்கவேண்டாம். அடிபிடி வந்தால் மட்டும் எழும்புங்கள்.

வயதைப் பிரிக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்காக வேகத்தைக் குறைப்பதும், ஆறு வயது அந்தப் பெரிய பிள்ளையைப் பார்த்து எட்டிப் பிடிப்பதும் ஒரே வயதுக்காரர் நிறைந்த வகுப்பில் நடக்காது.

விலை கொடுத்து எதுவும் வாங்கவேண்டாம். மணல் கொஞ்சம், சிரட்டை, பழைய ரயர், கயிறு, பனங்காய், ஈர்க்கு, குரும்பட்டி. இரண்டு பனங்காயும் ஒரு கவர்த்தடியும் இருந்தால் வண்டில், குரும்பட்டியும் ஈர்க்கும் இருந்தால் தேர். முதல் தடவை எப்படிக் குத்துவது என்று காட்டிவிட்டு விலகுங்கள். டென்மார்க்கில் 1943இல், ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்திலேயே, கோப்பன்ஹேகன் பக்கத்தில் எம்ட்றப் என்ற இடத்தில் பலகையும் கழிவுச் சாமானும் போட்ட ஒரு விளையாட்டிடத்தைத் திறந்தார்கள். சீராக அமைத்த பூங்காவைவிடக் குப்பைமேட்டிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதை சோரன்சன் என்ற வடிவமைப்பாளர் கவனித்ததன் விளைவு அது. ஊஞ்சலில் ஆடலாம், சறுக்கியில் சறுக்கலாம், அவ்வளவுதான். ஒரு கட்டுக் கிடுகு காலையில் வீடாகவும் பின்னேரம் வள்ளமாகவும் மாறும்.

"போரடிக்குது" என்று வந்தால் இருபது நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்துக்குள் போனைக் கொடுத்துவிட்டால் அவளாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற கட்டம் வராமலே போய்விடும்.

கிணறு, நாய், பாம்பு, ரிப்பர், மோட்டார் சைக்கிள். காலமும் சரியில்லை. நாங்கள் பங்கருக்குள்ள வளர்ந்தனாங்கள், பிள்ளை கண்ணுக்கு முன்னால இல்லாட்டி எனக்குப் பதறுது. எப்பிடி வெளிய விடுறது? (அரியாலை, ஒரு தந்தை)

ஐயா, அந்தப் பதற்றம் நியாயமானது. போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வில் பிள்ளையின் கையை விடாமல் நடந்த தலைமுறையும், அப்படி நடத்தப்பட்ட பிள்ளைகளுமாக நாங்கள் இருக்கிறோம். அந்தப் பிடி ஒரே நாளில் தளராது, தளர்த்து என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் எல்லாப் பயத்தையும் ஒன்றாகக் கட்டிவைக்காமல் இரண்டாகப் பிரிப்போம்.

பிள்ளையால் கணிக்கமுடியாத ஆபத்து ஒரு வகை. அதை அகற்றுவது எங்கள் பொறுப்பு. விளையாடப்போகும் வளவையும் அதற்குப் பக்கத்துக் காணிகளையும் நீங்களே முதலில் நடந்து பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிற வெறுங்காணிகளில் பற்றைக்குள் கட்டு இல்லாத கிணறு இருக்கும். மலக்குழி மூடி உக்கியிருக்கும். பற்றையை வெட்டுங்கள், கிணற்றுக்குக் கம்பிவலை போடுங்கள், அதுவரை அந்தப் பக்கம் தடை. போரில் வெடிக்காமல் கிடக்கும் குண்டாக இருக்கலாம் என்பதால், துருப்பிடித்த இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல் ஓடிவந்து சொல்லவேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இன்றும் சொல்லியே ஆகவேண்டும். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. அடி விழுமென்று பயந்து பிள்ளை மறைக்காதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிள்ளையே பார்த்துக் கணிக்கக்கூடியது மற்ற வகை. மாமரத்தின் எந்தக் கொப்பு வரை ஏறலாம், எவ்வளவு வேகமாகச் சைக்கிள் மிதிக்கலாம் என்பவை. நோர்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் பிள்ளைகள் தேடிப்போகும் இப்படியான துணிச்சல் விளையாட்டுகளை 2007இல் உயரம், வேகம், மல்லுக்கட்டு முதலான ஆறு வகையாக வகுத்தார். பயத்தை அளவாகச் சந்தித்துச் சந்தித்துத்தான் பிள்ளை அதைக் கையாளப் பழகுகிறது என்பது அவருடைய கருத்து. நானும் அதையே நம்புகிறேன். நீங்கள் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறிய உயரத்தில் இருந்து இறங்கவும் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரியும். "கவனம், கவனம்" என்று கத்துவதைவிட "அடுத்த கால் எங்க வைக்கப்போறாய்?" என்று கேளுங்கள்.

முதல் மாதம் நீங்களும் கதிரையோடு போய் இருங்கள். அடுத்த மாதம் படலையடியில் இருங்கள். வாகனம் ஓடும் ஒழுங்கை மட்டும் வேண்டாம்.

மகனுக்கு ஒன்பது வயது. கிரிக்கெட் கோச், வருசம் முழுக்க இதையே விளையாடட்டும், மற்றதெல்லாத்தையும் விடுங்கோ எண்டுறார். (திருநெல்வேலி, ஒரு தந்தை)

வேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 தொடக்கம் மோதும் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமரில் மகன் ஆடவேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்பது வயதில் ஒற்றை விளையாட்டு, ஒரே அசைவு, வருடம் முழுவதும் என்றால் வளரும் எலும்பும் மூட்டும் தாங்காது. வேகப்பந்து வீசும் இளம் பிள்ளைகளுக்கு முதுகெலும்பில் நுண்முறிவு வருவது எல்லா நாட்டிலும் தெரிந்த சங்கதி. ஒரே விளையாட்டில் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டில் இருந்து விடுமுறை என்பதும் அதன் ஆலோசனை. மார்கழி, தையில் வாடைக்காற்று வரும்போது பையன் பட்டம் கட்டி, முச்சை பார்த்து, விண் பூட்டி ஏற்றட்டும்.

கண்ணாடி போடவேண்டி வந்திட்டுது. வெளிய விளையாடினால் கண்ணுக்கு நல்லமெண்டு சொல்லுறது மெய்யே? (நல்லூர்)

மெய். கிட்டப்பார்வை தொடங்குவதைத் தடுக்க உதவும். சீனாவின் குவாங்சோவில் ஆரம்பப் பள்ளி மாணவருக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 வீதம், வழமைபோல் நடந்த பள்ளிகளில் 39.5 வீதம். இது 2015இல் வெளியான ஆய்வு. பகல் வெளிச்சமே முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. வந்த கண்ணாடி இதனால் கழன்றுவிடாது, மருத்துவர் சொன்னபடி போடுங்கள். தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களை இப்போதே வெளியே விடுங்கள்.

வெயில்? (பலர்)

நாலரைக்குப் பிறகு விடுங்கள், நிழல் பாருங்கள், போத்தலில் தண்ணி கொடுங்கள். மாரியில் நுளம்புக்கு நீளக் காற்சட்டை.

மகளுக்குப் பதினொன்று. இனி வெளிய விளையாடவேண்டாம், டான்ஸ் வகுப்புப் போதும் எண்டு மாமியார் சொல்லுறா. (சாவகச்சேரி, ஒரு தாய்)

மாமியாரோடு சண்டைபிடிக்காமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று அதில் பிரிவு இல்லை. அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 வீதமானோருக்கும் ஆண்பிள்ளைகளில் 78 வீதமானோருக்கும் அது கிடைப்பதில்லை. விளையாட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள உரிமை என்று 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பதினொரு வயது வரை மரம் ஏறிய பிள்ளையை ஒரு நாள் திடீரென்று உள்ளே இருத்தினால், தன் உடம்பில் ஏதோ பிழை வந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். சிநேகிதிகள் மூன்று பேரைச் சேர்த்து உங்கள் வளவிலேயே தொடங்குங்கள், மாமியாரும் திண்ணையில் இருந்து பார்க்கட்டும். அவவிடம் கொக்கான் வெட்டப் பழக்கச் சொல்லுங்கள், எட்டுக்கோடு எப்படிக் கீறுவது என்று கேளுங்கள். அவவும் விளையாடி வளர்ந்தவதானே.

இந்த வருசம் மகளுக்கு ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்சிப் சோதினை. சோதினை முடியட்டும், பிறகு விளையாடலாம்தானே? (உடுவில்)

பத்து வயதில் ஒரு வருடம் சின்ன வருடம் இல்லை. சோதினையை நான் அலட்சியப்படுத்தவில்லை. நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும். ஆனால் பள்ளிக்கூடம், ரியூசன், திரும்பவும் இரவு மாதிரி வினாத்தாள் என்று இருக்கிற பிள்ளையின் மூளை கடைசி ஒரு மணி நேரத்தில் எதையும் ஏற்பதில்லை. அந்த வினாத்தாளைத் திருத்திப் பாருங்கள், தெரிந்த கணக்கையே பிழைவிட்டிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து ஐந்து மணிக்கு வெளியில் விடுங்கள். ஒன்பது மணி நேர நித்திரையிலும் கைவைக்கவேண்டாம்.

மகன் மற்றப் பிள்ளையளோட சேரமாட்டான், ஓரமா நிக்கிறான். அவனுக்கு வகுப்புத்தான் நல்லதோ? (பருத்தித்துறை, ஒரு தாய்)

இருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் ஆறுதலாக இருக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நீச்சல், செஸ், சித்திரம் போன்ற ஒழுங்கான வகுப்பு மற்றவர்களோடு சேர நல்ல வாசல். அந்த வகுப்பில் அவன் கொஞ்சமாவது கதைக்கிற ஒரு பிள்ளையைப் பாருங்கள். அந்த ஒரு பிள்ளையை மட்டும் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மணலும் தண்ணியும் கொடுத்துவிட்டு நீங்கள் குசினிக்குள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியே விளையாடினாலும் அதுவும் சேர்ந்து விளையாடுவதன் ஒரு படிதான், "சேர்ந்து விளையாடு" என்று தள்ளவேண்டாம். பெயர் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, முன்பு கதைத்ததும் குறைந்துவிட்டது என்றால் காத்திராமல் பிள்ளை நல வைத்தியரிடம் காட்டுங்கள்.