மறு: 300 கிலோமீட்டரைத் தாண்டினால் வால் அலைகிறது

வணக்கம். பின்சக்கரப் பிடிமானத்துக்காக 150 கிலோ ஈயக் கட்டிகளைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்ததாகவும், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியதும் வேக ஓட்டம் நடக்கும் காய்ந்த உப்புத் தரையில் உங்கள் பந்தய வண்டியின் வால் அலைவதாகவும் எழுதியிருந்தீர்கள். எடை கூட்டியது தவறன்று. நீண்ட ஓடுதளத்தில், காற்றுத்தடையைக் கூட்டாமல் பிடிமானம் தருவது அதுதான். வைத்த இடமே தவறு; அது வண்டியின் எடை மையத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. பக்கவாட்டுக் காற்றழுத்தத்தின் மையம் (பக்கவாட்டுக் காற்று மொத்தமாகத் தள்ளும் புள்ளி) எடை மையத்துக்குப் பின்னால் இருந்தால்தான், முனையில் இரும்பும் வாலில் இறகும் கொண்ட அம்பைப் போல, வண்டி தானாகவே நேராகும். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 150 கிலோமீட்டரில் தெரியாத குறை 300-இல் வெளிப்பட்டிருக்கிறது. ஈயத்தைப் பின் அச்சுக்கு நன்கு முன்னே கொண்டுவந்து, சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள் (கழன்ற ஈயக் கட்டி பீரங்கிக் குண்டுக்குச் சமம்). அதன் பிறகும் அலைந்தால், வாலில் செங்குத்துத் துடுப்பு ஒன்றைப் பொருத்தி, குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகச் சோதியுங்கள்.