பட்டியலில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: எனக்கு வயது 41. போன வாரம் ஒரு நிதி ஆலோசகரைச் சந்தித்தேன். அரை மணி நேரத்தில் பதினொரு மியூச்சுவல் ஃபண்டுகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, "இதில் ஆரம்பித்துவிடலாம்" என்றார். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கும் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த ஃபண்டுகள் மோசமானவை என்று சொல்லவில்லை, அவை நல்லவையாகவே இருக்கலாம். ஆனால் உங்களிடம் எதுவுமே கேட்காமல் பட்டியல் வந்துவிட்டதே, அதுதான் என்னை உறுத்துகிறது. கடன் எவ்வளவு, சம்பளம் நின்றுபோனால் எத்தனை மாதம் தாங்கும், உங்களை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் யாராலும் உங்களுக்கான போர்ட்ஃபோலியோவை, அதாவது முதலீட்டுக் கலவையைப் போட முடியாது.

என்னிடம் வருபவர்களோடு முதல் நாள் நான் ஃபண்டு பெயர் எதுவும் பேசுவதில்லை. ஒரு தாளை எடுத்து, எந்தப் பணம் எப்போது வேண்டும் என்று மட்டும் எழுதச் சொல்வேன். உங்கள் தாளில் மகளின் படிப்பு ஆறு வருடம் என்றும், ஓய்வு சுமார் இருபது வருடம் என்றும் வரும். இந்த இரண்டு வரிகளுக்கும் ஒரே கலவை பொருந்தாது. அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரில் தொட்ட உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் சரிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2013 மார்ச் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஐந்தரை வருடம்! ஓய்வுக்காலப் பணம் அதைப் பொறுத்துக்கொள்ளும், கல்லூரிக் கட்டணம் பொறுக்காது. அதனால் படிப்புப் பணத்தில் பங்குகளின் அளவு குறைவாகத் தொடங்கி, கல்லூரி நெருங்க நெருங்க வைப்புநிதி, குறுகிய காலக் கடன் பத்திரங்கள் பக்கம் நகர வேண்டும்.

அப்புறம், பதினொன்று எதற்கு? ஒரு முறை ஒரு பெண் ஒன்பது ஃபண்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றும் அதிகமாக வைத்திருக்கும் பத்து நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். ஏழு ஃபண்டுகளில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. பணத்தைப் பிரித்துப் போட்டிருப்பதாக அவர் அத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறார். கடைசியில் மூன்று ஃபண்டுகளே போதுமானதாக இருந்தது. உங்கள் பட்டியலையும் அதே மாதிரி எழுதிப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

அடுத்து, கூச்சப்படாமல் கேளுங்கள்: "உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?" நீங்கள் தரும் கட்டணமா, ஃபண்டு நிறுவனம் தரும் கமிஷனா, இரண்டுமா? கமிஷன் வாங்குபவர் எல்லாம் தவறானவர் இல்லை, ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செலவு ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள். 100 என்ற தொகை வருடம் 7 சதவீதம் வளர்ந்தால் இருபது வருடத்தில் 387 ஆகும். செலவு போக 6 சதவீதம் என்றால் 321தான். அந்த 66-க்கு ஈடாக அவர் என்ன செய்வார் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.

நல்ல ஆலோசகர் என்றால் ஒரு பக்கத்திலாவது எழுதித் தருவார்: பங்கு எவ்வளவு, கடன் பத்திரம் எவ்வளவு, எந்த அளவு விலகினால் பழைய விகிதத்துக்கே திருப்பி மறுசீரமைப்பது. இது வெறும் சடங்கு இல்லை. பங்கு 60, கடன் பத்திரம் 40 என்று ஆரம்பித்து, பங்குகள் இரட்டிப்பாகி மற்றது அப்படியே நின்றால், நீங்கள் கை வைக்காமலே அது 75-25 ஆகிவிடும். சந்தை விழும் நாளில் பதற்றத்தோடு முடிவெடுப்பதைவிட, எழுதி வைத்த தாளைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியும், உங்கள் வருமானத்தை நம்பியிருப்பவர்களுக்காக டேர்ம் இன்சூரன்ஸும் (குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள்.

இதெல்லாம் சரியாக வந்தால் அவரோடு தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதலீடுகள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஆலோசகரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள்.