150 கார் விற்று ஒரு கம்பெனிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: 2025-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரில் முதல் தவணையாக 150 மட்டும் இந்தியாவுக்கு வந்தன. சுமார் 53 லட்சம் ஷோரூம் விலை, அத்தனையும் விற்றுப்போயின. லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு இதில் லாபம் உண்டா, வெறும் விளம்பரமா?

பதில்: லாபம் பெரிதாக இருக்காது, ஆனால் நஷ்டப்பட வழியும் குறைவு. அதற்குக் காரணம் 2018-இல் மாறிய விதி. வெளிநாட்டுச் சான்று பெற்ற வலப்பக்க ஸ்டீயரிங் கார்களை, இங்கே தனியாக ஹோமோலகேஷன் (சாலைக்கு ஏற்றது என்று சான்று தரும்) சோதனை நடத்தாமலே, ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2,500 வரை இறக்கலாம். பாகங்கள் செய்யப் புதிய அச்சு வேண்டாம், சோதனைக்கென்று கார்களை இடிக்க வேண்டாம். ஜெர்மனியில் ஏற்கெனவே ஓடும் லைனிலிருந்து எடுத்துக் கப்பலேற்றினால் போதும். இறக்குமதி வரி வாங்குபவர் தலையில்.

குறைவாகக் கொண்டுவந்தால் தானாக விற்றுவிடும் என்றும் இல்லை. 2016-இல் இதே கம்பெனி போலோ ஜி.டி.ஐ.யில் 99 கார்களை 25.65 லட்சத்துக்கு அறிவித்தது. பிறகு விலையைச் சுமார் 20 லட்சத்துக்கு இறக்க வேண்டிவந்தது. மூன்று கதவு போலோவுக்கு அந்த விலை நம் ஊரில் எடுபடவில்லை.

இப்படி ஒரு தனி ரகத்தைக் கம்பெனி புதிதாக உருவாக்க இறங்கும்போதுதான் கணக்கு கடினமாகிறது. தனி பம்பர், பானெட் அச்சுகள், எஞ்சின் டியூனிங், புகைச் சான்று எல்லாம் சேர்ந்து 30 கோடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 30,000 கார் விற்றால் ஒன்றின் மேல் 10,000 ரூபாய்தான் விழும். 1,000 விற்றால் 3 லட்சம். ஏழு லட்ச ரூபாய் காரில் இந்த 3 லட்சத்தை யார் தலையில் கட்டுவது?

டொயோட்டாவின் இரண்டு கார்களைப் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. 2010 முதல் 2012 வரை 500 மட்டுமே தயாரானது. 4.8 லிட்டர் வி10 எஞ்சின், அமெரிக்க விலை 3,75,000 டாலர். அந்த எஞ்சின் வேறெந்தக் காருக்கும் போகவில்லை. என் கணிப்பில் அது கார்பன் ஃபைபர் வேலையைக் கற்கக் கட்டிய கல்விக்கட்டணம். 2020-இல் வந்த ஜி.ஆர். யாரிஸ் வேறு ரகம். உலக ராலிப் போட்டி விதிக்காகப் பிறந்த கார்தான் அது. ஆனால் முன்பாதிக்கு யாரிஸ் தளம், பின்பாதிக்குக் கொரோலா வகைத் தளம் என்று வீட்டில் இருந்ததையே எடுத்து ஒட்டினார்கள். அதற்கென்று உருவாக்கிய 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிறகு ஜி.ஆர். கொரோலாவிலும் போட்டார்கள். செலவு பிரிந்தது. 1976-இல் முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கும் திட்டம் 5,000 கார்தான். அந்தத் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டியது. அப்படி அடிப்பது அபூர்வம்.

கேள்வி: பழைய டியாகோ ஜே.டி.பி. ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாகச் செய்த, டியாகோவின் வேகமான வகை அது. 2018-இல் 6.39 லட்சத்துக்கு வந்தது. புகை விதி பி.எஸ். 6-க்கு மாறிய 2020-இல் நின்றது. புதிய விதிக்கு எஞ்சினை மறுபடி டியூன் செய்து சான்று வாங்கும் செலவைக் கொஞ்சமாக விற்கும் காரில் எடுக்க முடியாது. மாருதி பலேனோ ஆர்.எஸ்.ஸும் அந்தத் திருப்பத்தில்தான் போனது.

114 குதிரைத்திறன் தரும் 1.2 டர்போ எஞ்சின் நெக்ஸான் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், எஞ்சின் பாகங்களுக்காக அதிகம் பயப்பட வேண்டாம். காற்றுத்துளை வைத்த பானெட், முன் பம்பர், அலாய் வீல் இவைதான் சிக்கல். முன்பணம் கொடுக்கும் முன் சேஸி எண்ணோடு சர்வீஸ் சென்டரின் உதிரி பாக கவுண்டருக்குப் போய், இந்த மூன்றுக்கும் விலையும் வரும் நாளும் எழுத்தில் கேளுங்கள். "ஆர்டர் போட்டால் வரும்" என்ற பதிலை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண டியாகோவுக்கு ஸ்டிக்கரும் பம்பரும் மாட்டி விற்பவர்களும் உண்டு. ஆர்.சி.யில் சி.சி. ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதை நம்பாதீர்கள். பானெட்டைத் திறந்து டர்போவும் இன்டர்கூலர் குழாயும் இருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.யில் மாடல் பெயரில் ஜே.டி.பி. இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீல் வழியாக ஆயில் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் வேரியன்ட் பெயரைப் பாருங்கள். சாதாரண டியாகோ என்று பதிந்திருந்தால் ஐ.டி.வி. (காருக்குப் பாலிசியில் போடும் மதிப்பு) குறைந்துவிடும். ஜீரோ டெப்ரிஸியேஷன் (தேய்மானம் கழிக்காமல் தரும் வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழித்துத்தான் தருவார்கள். பம்பர் பிளாஸ்டிக். இந்த வயதுக் காருக்குப் பல கம்பெனிகள் ஜீரோ டெப் தருவதும் இல்லை.

கேள்வி: ஹூண்டாயின் ஐ20 'என் லைன்' (N Line), ஐ20 'என்' (N) இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஐரோப்பாவில் விற்ற ஐ20 'என்' 1.6 டர்போ, 204 குதிரைத்திறன். அங்கே ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு விடும் கார்பன் டை ஆக்ஸைடு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். பெட்ரோல் 'என்' கார்களை 2024-இல் ஹூண்டாய் அங்கே நிறுத்திவிட்டது. இங்கே வரும் 'என் லைன்' 1.0 டர்போ, 120 குதிரைத்திறன்; சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்டும் கொஞ்சம் மாறும். இருங்காட்டுக்கோட்டை ஆலையின் அதே அசெம்பிளி லைனிலேயே மற்ற ஐ20-களோடு இறங்குவதால் கம்பெனிக்குக் கூடுதல் செலவு சொற்பம், உங்களுக்கும் பாகங்கள் கிடைக்கும். 2023 மாற்றத்துக்குப் பிறகு சாதாரண ஐ20-இல் டர்போவே கிடையாது. டர்போ வேண்டுமென்றால் 'என் லைன்'தான்.